மொரப்பூர் – தருமபுரி ரயில் பாதை: ஊர் வளருமா, நிலவிலை மட்டும் வளருமா?

தருமபுரி மாவட்டத்தில், அரூருக்கு அப்பால் கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது சித்தேரி. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள் அங்கே மலை மடிப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. மானாவாரி விவசாயம் ஆண்டு முழுவதும் சோறு போடாததால் திருப்பூர், கோவை, கேரளா என்று வேலை தேடிப் போகிறவர்கள் அங்கே அதிகம். அவர்கள் மலையிறங்கி அரூர் வந்து, அங்கிருந்து மொரப்பூர் போய்த்தான் ரயில் ஏற வேண்டும்.

மாவட்டத் தலைநகரான தருமபுரியில் இருப்பவர்களின் நிலைமையும் இதில் பெரிதாக வேறுபடவில்லை. தருமபுரியில் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் அது சேலம் – பெங்களூர் பாதையில் உள்ளது. சென்னை – ஜோலார்பேட்டை – சேலம் பிரதான பாதை மொரப்பூர் வழியாகப் போகிறது. எனவே சென்னைக்கு ரயிலில் போக நினைக்கும் தருமபுரி வியாபாரியும், படிக்கப் போகும் மாணவியும், மருத்துவமனைக்குப் போகும் முதியவரும் மூட்டை முடிச்சுடன் முதலில் மொரப்பூருக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் மொரப்பூர் – தருமபுரி அகல ரயில் பாதை திட்டமிடப்பட்டது. நீளம் 36 கிலோமீட்டர். 2016-17 நிதியாண்டில் அனுமதி கிடைத்தபோது மதிப்பீடு சுமார் 359 கோடி ரூபாய். 2019ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் தடத்தை முடிவு செய்வதிலும் நிலம் கையகப்படுத்துவதிலும் கழிந்தன.

புதிய ரயில் பாதை அறிவிக்கப்பட்டால் ரயிலுக்கு முன்பே இரண்டு விஷயங்கள் வந்துவிடுகின்றன: ஒன்று நிலத் தரகர், இன்னொன்று ‘ரயில் நிலையம் மிக அருகில்’ என்ற விளம்பரப் பலகை. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தையோ, மகள் திருமணத்துக்கு வைத்திருந்த நகையையோ கொடுத்து மனை வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. பாதைக்காக நிலம் கொடுக்கும் குடும்பங்களும் உண்டு. ரயில் பாதை ஒரு ஊரை உண்மையில் எப்படி மாற்றுகிறது, அந்த மாற்றத்தில் யார் பயன்பெறுகிறார், யார் ஏமாறுகிறார் என்பதை இரு தரப்புமே தெரிந்துகொள்வது நல்லது.

முன்பு ஓடிய ரயில்

மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே ரயில் ஓடுவது இது முதல் முறையாக இருக்காது. 1906இல் இங்கே 2 அடி 6 அங்குல அகலமுள்ள குறுகிய பாதை திறக்கப்பட்டது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசெல்ல உதவும் என்பதற்காக ஆங்கிலேய அரசு போட்ட பாதைகளில் இதுவும் ஒன்று. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி இடையிலும் இதே போன்ற ஒரு பாதை இருந்தது.

இந்தச் சிறிய ரயில் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கவில்லை. மொரப்பூரில் பிரதான பாதை அகலப் பாதை, கிளைப் பாதை குறுகியது. ஒரு பாதையின் பெட்டி இன்னொன்றில் ஓடாது. எனவே ஒவ்வொரு மூட்டையையும் அங்கே இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. வாசலுக்கே வந்து சரக்கு எடுக்கும் லாரியும், கேட்ட இடத்தில் நிற்கும் பஸ்ஸும் வந்தபோது ரயிலை நாடுவோர் குறைந்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பாதை மூடப்பட்டுத் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. 1960களின் இறுதியில் சேலம் – பெங்களூர் மீட்டர்கேஜ் பாதை வரும்வரை தருமபுரி ரயில் இல்லாத ஊராகவே இருந்தது.

பழைய தடம் போன இடங்களில் பலவற்றில் இன்று வீடுகள் எழுந்துவிட்டன. கையில் இருந்த பாதையை விட்டுவிட்டதன் விலையைத்தான் இன்று புதிய நிலம் கையகப்படுத்துவதில் கொடுக்கிறோம். கூடவே இன்னொரு பாடமும் உண்டு. தண்டவாளம் இருந்தால் மட்டும் போதாது. மக்கள் எளிதாக வந்து ஏறி, இறங்கி வீடு சேர வழி இருந்தால்தான் ரயில் நிலைக்கும்.

ரயில் ஊரை வளர்ப்பது எப்படி?

சென்னையில் இதன் தெளிவான உதாரணம் இருக்கிறது. கடற்கரை – தாம்பரம் இடையே 1931 மே மாதம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர்கேஜ் பாதைதான். ஆனால் அடிக்கடி வண்டி, குறைந்த கட்டணம், ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஒரு நிறுத்தம் என்ற மூன்றும் சேர்ந்திருந்தன.

மாம்பலம், பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று அந்தத் தடத்தில் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வளர்ந்தன. மண்ணடியிலோ பாரிமுனையிலோ கடை வைத்திருப்பவர் கடைக்குப் பக்கத்திலேயே நெருக்கடியான வீட்டில் வாடகை கொடுத்து இருக்க வேண்டிய அவசியம் குறைந்தது. மாதாந்திர சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு பல்லாவரத்திலிருந்து தினமும் வந்து போக முடிந்தது. வாடகைக்குப் போன பணத்தில் ஒரு பகுதி சொந்த வீட்டுக்குப் போனது. வீடுகள் பெருகிய இடங்களில் பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் பள்ளிவாசலும் வந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது, ஊரை வளர்த்தது ‘ரயில் நிலையம்’ என்ற கட்டடம் இல்லை. காலையில் வேலைக்குப் போகும் நேரத்திலும் மாலையில் திரும்பும் நேரத்திலும் தவறாமல் வந்த வண்டிகள்தான் வளர்த்தன. நாளுக்கு இரண்டு எக்ஸ்பிரஸ் நின்று போகும் நிலையத்தைச் சுற்றி ஒரு டீக்கடை வளரும், நகரம் வளராது.

பறக்கும் ரயில் தரும் எச்சரிக்கை

அதே சென்னையில் மறுபக்கத்தையும் பார்க்கலாம். பறக்கும் ரயில் 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997இல் திருமயிலை வரையும், 2004இல் திருவான்மியூர் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் வந்தது. 2000ஆம் ஆண்டிலேயே தரமணியில் டைடல் பார்க் வந்துவிட்டது. தரமணி, வேளச்சேரி பகுதிகளில் அடுக்குமாடிகள் எழுந்தன, நிலவிலை ஏறியது.

ஆனால் பாதையைக் கட்டியவர்கள் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களைக் கவனிக்கவில்லை. பிரமாண்டமான நிலையங்கள், அவற்றின் உள்ளே பல ஆண்டுகள் காலியாகக் கிடந்த வணிக இடங்கள், வெளியே இருட்டான நடைபாதை, வாசலுக்கு வராத பஸ் என்ற நிலைதான் நீண்ட காலம் இருந்தது. பெண்கள் மாலைக்கு மேல் தனியாக அந்த நிலையங்களைப் பயன்படுத்தத் தயங்கினர். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் குடிசைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பாதைக்காக அகற்றப்பட்டு, தொலைவில் ஒக்கியம் துரைப்பாக்கம் போன்ற இடங்களில் குடியேற்றப்பட்டன. பாதையின் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ரயிலில் ஏறும் வாய்ப்பு இல்லாமல் போனது.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான கடைசி 5 கிலோமீட்டர் பணி 2008இல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டு வழக்கில் சிக்கி, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் இழுத்தது. ‘அடுத்த ஆண்டு ரயில் வந்துவிடும்’ என்ற பேச்சை நம்பி அங்கே வீடு வாங்கியவர்கள் எத்தனை ஆண்டுகள் ஷேர் ஆட்டோவில் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அண்மை உதாரணம் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது, தாம்பரம் – செங்கல்பட்டு ரயில் பாதை அருகிலேயே போயும், இறங்கி நடக்க அங்கே ஒரு ரயில் நிலையம் தயாராகவில்லை. தென் மாவட்டங்களிலிருந்து குழந்தைகளுடன் வந்திறங்கிய குடும்பங்கள் அதன் சிரமத்தை அனுபவித்தன.

வாஷியும் மும்ப்ராவும்

புறநகர் ரயிலின் நன்மையையும் ஆபத்தையும் அருகருகே காட்டும் நகரம் மும்பை. தமிழ் முஸ்லிம்கள் பலருக்கு அது பிழைப்புக்குப் போன ஊரும்கூட.

நவி மும்பையின் வாஷிக்கு மான்கூர்ட்டிலிருந்து 1992இல் புறநகர் ரயில் வந்தது. அந்தப் பாதையின் செலவில் மூன்றில் இரண்டு பங்கை, நகரைத் திட்டமிட்ட அரசு நிறுவனமான சிட்கோ ஏற்றது. நிலமும் திட்டமும் அந்த நிறுவனத்தின் கையில் இருந்ததால் சாலை, சந்தை, பஸ் நிலையம், குடியிருப்பு எல்லாம் ரயில் நிலையத்தோடு சேர்த்து வரையப்பட்டன. நிலையத்தின் மேலேயே அலுவலகங்களும் கடைகளும் கட்டப்பட்டன. ரயில் வந்ததால் உயர்ந்த நிலமதிப்பில் ஒரு பகுதி பொதுப் பணத்துக்கே திரும்பி வந்தது.

தானே அருகிலுள்ள மும்ப்ராவின் கதை வேறு. 1992-93 மும்பைக் கலவரத்துக்குப் பிறகு பாதுகாப்பைத் தேடி ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் அங்கே குடியேறின. மும்பைக்குப் போக லோக்கல் ரயில் இருந்தது, வீட்டு விலை கைக்கு எட்டியது. ஆனால் ஊர் பெருத்த வேகத்துக்குக் குடிநீரோ, சாக்கடையோ, மருத்துவமனையோ, கட்டட அனுமதியோ ஈடுகொடுக்கவில்லை. அனுமதியில்லாத கட்டடங்கள் மளமளவென்று எழுந்தன. 2013 ஏப்ரல் 4 அன்று மும்ப்ரா அருகே ஷில் பாட்டாவில், கட்டி முடிக்கப்படாத அனுமதியற்ற அடுக்குமாடி ஒன்று இடிந்து 74 பேர் உயிரிழந்தனர். குழந்தைகளும் அதில் இருந்தனர்.

இரண்டு ஊருக்கும் ரயில் இருந்தது. ஒன்றில் திட்டம் ரயிலோடு வந்தது, மற்றொன்றில் மக்கள் மட்டும் வந்தார்கள். விலை குறைவாக இருக்கிறது என்பதற்காக அனுமதி இல்லாத கட்டடத்தில் குடும்பத்தைக் குடியமர்த்துவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு ஷில் பாட்டா ஒன்றே போதும்.

நிலம் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

இனி நம் ஊருக்கு வருவோம். பாதைக்கு நிலம் எடுக்கும்போது இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் கணக்கு முறை சுருக்கமாக இதுதான்:

• அரசின் வழிகாட்டி மதிப்பு ஒருபுறம். அக்கம்பக்கத்தில் அதே வகை நிலங்களுக்குக் கடந்த 3 ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில், விலை அதிகமுள்ள பாதிப் பத்திரங்களின் சராசரி மறுபுறம். இரண்டில் எது அதிகமோ அதுவே அடிப்படை.

• கிராமப்புற நிலமாக இருந்தால் அந்த மதிப்பு ஒரு குறிப்பிட்ட மடங்கால் உயர்த்தப்படும். கிணறு, மரம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பு தனியாகச் சேரும்.

• இந்த மொத்தத்தின் மீது 100 சதவீதம் ஆறுதல் தொகை.

இதில் ஒரு முக்கியமான செய்தி ஒளிந்திருக்கிறது. முத்திரைத்தாள் செலவை மிச்சப்படுத்த, கொடுத்த விலையைக் குறைத்து வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் எழுதும் பழக்கம் எங்கும் இருக்கிறது. உதாரணமாக, ஏக்கர் 20 லட்சத்துக்குக் கைமாறிய நிலத்தை 8 லட்சம் என்று பதிந்தால், கையகப்படுத்தும் அதிகாரியின் கண்ணுக்குத் தெரிவது 8 லட்சம்தான். ஊரில் எல்லோரும் இப்படி எழுதினால் ஊர் முழுவதும் சேர்ந்து தன் இழப்பீட்டைக் குறைத்துக்கொள்கிறது. அறிவிக்கை வந்தபின் விலையை உயர்த்தி எழுதுவதும் பயன் தராது. அறிவிக்கைத் தேதிக்கு முந்தைய பத்திரங்கள்தான் கணக்கில் வரும். உண்மை விலையை எழுதுவது நேர்மை மட்டுமன்று, நமக்குப் பாதுகாப்பும் அதுதான்.

அடுத்தது வாரிசுரிமை. பாட்டனார் பெயரிலேயே பட்டா இருக்கும் நிலங்கள் நம் குடும்பங்களில் ஏராளம். பங்கு பிரிக்காமல் அண்ணன் தம்பிகள் அனுபவித்து வருவார்கள். சகோதரிகளின் பங்கு பற்றிப் பேச்சே எழாது. இழப்பீட்டுத் தொகை வரும்போது அத்தனை வாரிசும் கையெழுத்திட வேண்டியிருக்கும். ஒருவர் மறுத்தாலும் பணம் நீதிமன்றத்திலோ ஆணையத்திலோ முடங்கிவிடும்.

‘விவசாய நிலத்தில் பெண்களுக்குப் பங்கில்லை’ என்று இன்னமும் சிலர் சொல்வது தவறு. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருந்தது உண்மை. ஆனால் சென்னை மாகாணத்தில் 1949இல் கொண்டுவந்த திருத்தம் விவசாய நிலத்தையும் அதற்குள் சேர்த்துவிட்டது. மார்க்கம் விதித்த பங்கைச் சட்டமும் ஏற்கிறது. எனவே ரயில் பாதை அறிவிக்கை வரும்வரை காத்திராமல், பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, பட்டாவை அவரவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சகோதரியின் உரிமையும் நிறைவேறும், பின்னாளில் குடும்பம் நீதிமன்றப் படி ஏறுவதும் தவிரும்.

பள்ளிவாசல், கபரஸ்தான், வக்ஃபு நிலம் ஏதும் தடத்தில் வருகிறதா என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் வரைபடத்தை வாங்கிப் பார்க்க வேண்டும். வக்ஃபு நிலத்தை யாரும் தனிப்பட்ட முறையில் விற்கவோ, இழப்பீடு வாங்கவோ முடியாது. ஆவணங்கள் சரியாக இல்லை என்றால் ஆட்சேபம் தெரிவிக்கும் கெடு முடிந்தபிறகு புலம்புவதில் பயனில்லை.

மனை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை

• ‘உத்தேச ரயில் நிலையம்’ என்று விளம்பரத்தில் இருந்தால் அதற்கு விலை கொடுக்காதீர்கள். நிலையம் எங்கே என்பது ரயில்வேயின் இறுதித் தடத்தில்தான் தெரியும். ரயில் ஓடும்வரை அந்த மனைக்கு இன்றைய பஸ், இன்றைய சாலை, இன்றைய தண்ணீர் ஆகியவைதான் மதிப்பு.

• நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20க்குப் பிறகு அங்கீகாரமின்றிப் போடப்பட்ட மனைப்பிரிவுகளுக்கு வரன்முறைத் திட்டத்திலும் இடமில்லை.

• 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது 8 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் ‘ரெரா’ ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு, ஆணையத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள்.

• வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போட்டுப் பாருங்கள். பட்டாவில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றுதானா என்றும், புல எண் ரயில்வே அறிவிக்கையில் இடம்பெற்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

• அரூர், சித்தேரி அடிவாரப் பகுதிகளில் ஆதிதிராவிட, பழங்குடி மக்களுக்கு அரசு நிபந்தனையுடன் ஒப்படைத்த நிலம் விலை குறைவாக வருகிறது என்று வாங்காதீர்கள். அது அவர்களுக்குச் செய்யும் அநீதி. ஒப்படைப்பை அரசு ரத்து செய்தால் கொடுத்த பணமும் போய்விடும்.

ஊர் சேர்ந்து கேட்க வேண்டியவை

மொரப்பூர் – தருமபுரி பாதை சென்னையின் புறநகர் ரயில் போல் ஆகிவிடாது. அடிப்படையில் இது இரண்டு பிரதான பாதைகளை இணைக்கும் இணைப்புப் பாதை. சென்னை எக்ஸ்பிரஸ்கள் தருமபுரியைத் தொட்டுப் போனால் மட்டும் இடையிலுள்ள கிராமங்களுக்கு என்ன கிடைக்கும்? நிலமும் கொடுத்து, ரயில்வே கேட்டில் காத்தும் நிற்க வேண்டியதுதான் மிஞ்சும். எனவே ரயில் ஓடத் தொடங்கும் முன்பே கேட்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கல்லூரி, அலுவலக நேரங்களில் எல்லா நிறுத்தங்களிலும் நின்று செல்லும் மெமு ரயில். இரண்டாவது, அரூரிலிருந்து மொரப்பூர் நிலையத்துக்கு ரயில் நேரத்துக்கு ஏற்ற பஸ். சித்தேரியிலிருந்து காலையில் இறங்குபவர் அந்த வண்டியைப் பிடிக்கும்படி மலைப் பஸ்ஸின் நேரமும் அமைய வேண்டும். மூன்றாவது, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காத சுரங்கப்பாதை. ஊரை இரண்டாக வெட்டும் பாதையில் பள்ளிக் குழந்தைகள் கடக்க அதுதான் வழி. நான்காவது, நிலையத்தில் பெண்களுக்குக் கழிப்பறை, வெளிச்சம், காத்திருக்கும் அறை.

இவற்றைக் கேட்க இடம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கும், நாடாளுமன்ற உறுப்பினருக்கும், ரயில்வே கோட்ட மேலாளருக்கும் அனுப்பலாம். ஜமாஅத் தனியாகக் கேட்பதைவிட, விவசாயிகள் சங்கம், வணிகர் சங்கம், மலைவாழ் மக்கள் என்று எல்லோருடனும் சேர்ந்து கேட்டால் குரலுக்கு வலு கூடும். பாதை எல்லோருக்கும் பொதுவானது.

1906இல் வந்த ரயில் போனதற்குக் காரணம், அது மக்களின் அன்றாட வாழ்க்கையோடு ஒட்டாமல் போனதுதான். இந்த முறை வரும் ரயில் நிலைக்க வேண்டுமானால், தருமபுரிக் கடைக்காரருக்கு மட்டுமின்றி சித்தேரியிலிருந்து மூட்டையுடன் இறங்கும் கூலித் தொழிலாளிக்கும் அது பயன்பட வேண்டும். பட்டாவையும் பாகப்பிரிவினையையும் இன்றே சரிசெய்வது நம் கையில் இருக்கிறது. விளம்பரத்தை நம்பி அவசரப்படாமல் இருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. அதைச் செய்துவிட்டு, ஊருக்கு வேண்டியதை உரிமையோடு கேட்போம். இன்ஷா அல்லாஹ், ரயில் வரும் நாளில் நம் பிள்ளைகள் அதில் ஏறிப் படிக்கப் போவார்கள், நிலத்தை இழந்த கதையைச் சொல்லிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.